குரங்கும் குளிசையும் சாப்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் கோட்டைப் பக்கமாக ஒரு சின்னப் பாமசி நடத்துகிறேன். கோணேசர் கோயிலுக்குப் போய்வருகிறவர்கள் தலைவலிக் குளிசையோ பிளாஸ்டரோ வாங்க வந்தால், பாதிப் பேருடைய கதை குரங்கில்தான் போய் முடியும். பை பறித்த கதை, பழம் கொடுத்த கதை, அப்புறம் "மருந்துக்காரருக்குத் தெரியாததா?" என்று ஒரு கேள்வி. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, பதிலைக் கீழே போட்டிருக்கிறேன். சாப்பாடும் மருந்தும் குரங்கின் தீனியை எப்படி மாற்றுகின்றன என்பதை வெளிநாடுகளில் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அதில் எனக்குத் தெரிந்ததையும் நம் ஊரில் கண்டதையும் சேர்த்திருக்கிறேன்.

கோயிலடியில நிக்கிற குரங்கும் காட்டுக்குள்ள நிக்கிற மந்தியும் ஒரே சாப்பாடு தானே சாப்பிடும்?

இல்லை. செம்பழுப்பு உடம்பும், உச்சியிலிருந்து சுற்றிவர விரிந்த தலைமயிரும் உள்ளது செங்குரங்கு. உலகத்தில் இலங்கையில் மட்டும்தான் இருக்கிறது. பழம், பூ, தளிர், பூச்சி, பல்லி, முட்டை என்று கிடைத்ததெல்லாம் தின்னும். மனிதர் போடுகிற எதையும் அது தயங்காமல் எடுப்பதற்கு இதுதான் காரணம்.

சாம்பல் உடம்பு, கருமுகம், நீண்ட வால் உள்ளது மந்தி. இது பெரும்பாலும் இலை தின்னி. வயிறு பல அறைகளாகப் பிரிந்திருக்கும். முன் அறையில் இருக்கிற நுண்ணுயிர்கள் இலையை நொதிக்கவைத்து உடைத்துக் கொடுக்கும். மாட்டு வயிறும் ஏறக்குறைய இப்படித்தான் வேலை செய்கிறது. செங்குரங்குக்கு இருப்பது போல, உணவைச் சேர்த்துவைக்கிற கன்னப்பை மந்திக்குக் கிடையாது.

மந்திக்குப் பாண் போட்டா ஆசையாத் தின்னுது. அதுக்கு ஒண்டும் செய்யாதே?

செய்யும். நுண்ணுயிர்களை நம்பி இருக்கிற வயிற்றில் பாண், பணிஸ், பழுத்த வாழைப்பழம் போன்றவை போனால் மாச்சத்தும் சீனியும் மளமளவென்று நொதிக்கும். அமிலம் கூடும், வயிறு ஊதும், இலையை உடைக்கிற நல்ல நுண்ணுயிர்கள் சாகும். ஆசையாகத் தின்பதை வைத்து அதற்கு ஒத்துக்கொள்கிறது என்று நினைக்கக்கூடாது. செங்குரங்கு ஓரளவு தாங்கும், மந்தி தாங்காது.

குரங்கெண்டால் வாழைப்பழம் தானே? ஒரு சீப்புக் குடுத்தா என்ன குறைஞ்சு போகும்?

நீங்கள் கொடுக்கிற ஒரு சீப்பால் ஒன்றும் ஆகாது. ஆனால் வெள்ளிக்கிழமைகளிலும் திருவிழாக் காலத்திலும் உங்களைப் போல எத்தனை பேர் ஒவ்வொரு சீப்போடு வருகிறார்கள்? கடையில் விற்கிற கதலியும் கப்பலும் மனிதர் நாக்குக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தவை. கொட்டை இல்லை, நார் குறைவு, சீனி அதிகம். காட்டில் ஆலம்பழமோ வீரைப்பழமோ என்றால் பாதி தோலும் கொட்டையும்தான். பாலைப்பழம் நல்ல இனிப்பு, ஆனால் அது வருடத்தில் கொஞ்ச நாள்தான். அதையும் கொப்புக் கொப்பாகத் தாவி ஒவ்வொன்றாகப் பிடுங்கித்தான் தின்னவேண்டும்.

இங்கிலாந்தில் பெயின்டன் மிருகக்காட்சிசாலை 2014இல் குரங்குகளுக்கு வாழைப்பழம் போடுவதை நிறுத்தியது செய்தியில் வந்தது. மனிதருக்காக வளர்த்த பழத்தில் சீனி அதிகம், அது குரங்கின் பல்லையும் உடம்பையும் கெடுக்கிறது என்று காரணம் சொன்னார்கள். பழத்தைக் குறைத்து இலைக்கறியும் மரக்கறியும் கொடுத்தார்கள். குரங்குக்கு வாழைப்பழம் என்பது நாமே கட்டிவிட்ட கதை.

கன்னத்துக்குள்ள அடைச்சு அடைச்சு வைக்குதே, அது பசியா பேராசையா?

இரண்டும் இல்லை, பயம். செங்குரங்குக்கு இரண்டு கன்னத்திலும் கழுத்து வரை நீளுகிற பை இருக்கிறது. பெரியது வருவதற்குள் அள்ளி அடைத்துக்கொண்டு ஓடி, மரத்தில் ஏறி உட்கார்ந்து, புறங்கையால் கன்னத்தைத் தள்ளித் தள்ளி வாய்க்குள் கொண்டுவந்து மெல்லும்.

அந்தப் பை கூடப் பூரணப் பாதுகாப்பு இல்லை. பொலநறுவையில் 1968 முதல் செங்குரங்குகளைக் கவனித்துவந்த வுல்ஃப்காங் டிட்டஸ் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கூட்டத்தில் மேல்நிலையில் இருக்கிற குரங்கு கீழ்நிலைக் குரங்கைப் பிடித்து, வாயைத் திறந்து, கன்னப்பைக்குள் விரலை விட்டு உணவை எடுத்துத் தின்னும். கீழ்நிலைக் குரங்கு திமிறாது, வாயைக் காட்டிக்கொண்டு இருக்கும். நீங்களும் பார்க்கலாம். மலைக்கு ஏறுகிற பாதையில் யாராவது கச்சான் பையைத் தவறவிட்டால், முதலில் பாய்ந்து அள்ளுகிற குட்டிக்குக் கடைசியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கொஞ்சம் நின்று கவனியுங்கள். வரட்சியில் உணவு குறையும்போது முதலில் சாவதும் இந்தக் கீழ்நிலைக் குட்டிகள்தான், அதிலும் பெண் குட்டிகள். "பாவம், அந்தச் சின்னதுக்குப் போட்டேன்" என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எவ்வளவு போட்டாலும் தின்னுதே. குரங்குக்கு வயிறு நிறைஞ்சது தெரியாதா?

நன்றாகத் தெரியும். 1975இல் அமெரிக்காவில் பால் மக்ஹ்யூ குழுவினர், ஆய்வுகூடங்களில் அதிகம் பாவிக்கிற ரீசஸ் இனக் குரங்குகளின் வயிற்றுக்குள் குழாய் வழியாக நேரடியாகச் சத்துக் கரைசலை விட்டுப் பார்த்தார்கள். வாயில் சுவை படவில்லை, மெல்லவும் இல்லை. இருந்தும், உள்ளே போன கலோரிக்கு ஏற்ற அளவு குரங்குகள் அடுத்த சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டன. உள்ளே போனது சீனியா புரதமா என்பதைவிட எவ்வளவு கலோரி என்பதுதான் கணக்கில் வந்தது. அடுத்த வருடம், உணவு குடலுக்குள் வந்ததும் சுரக்கிற கோலசிஸ்ரோகைனின் என்ற ஹோர்மோனை ஊசியாகப் போட்டபோதும் ரீசஸ் குரங்குகள் குறைவாகத் தின்றன.

கணக்கு வைத்திருக்கிற உடம்புதான் என்றாலும், அந்தக் கணக்கை ஏமாற்றலாம். 100 கிராம் வாழைப்பழத்தில் சுமார் 90 கலோரி. அதே எடை வறுத்த கச்சானில் ஆறு மடங்குக்கு மேல். குடல் தகவல் சொல்வதற்கு நேரம் எடுக்கும். அதற்குள் கன்னப்பையும் நிறைந்துவிடும். நீங்கள் பார்க்கும்போது அடைக்கிறதெல்லாம் அப்போதைக்கே வயிற்றுக்குள் போவதும் இல்லை.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. காலையில் உங்கள் பிஸ்கட்டில் கணக்கு முடிந்துவிட்டால், மீதி நாள் காட்டில் தேடித் திரிய அதற்குத் தேவையே இல்லை. பூச்சியும் தளிரும் போகும், நடையும் போகும். வேலையில்லாத குரங்கு என்ன செய்யும் என்பதைக் கோயில் வீதியில் செருப்பைக் கழற்றி வைத்தவர்களிடம் கேளுங்கள்.

காட்டு மிருகம் கொழுக்குமே? மனுசருக்கு வாற சீனி வருத்தம் அதுக்கும் வருமா?

கொழுக்கும், வரும். கென்யாவின் அம்பொசெலியில் சுற்றுலா விடுதிக் குப்பையைத் தின்ற பபூன் என்ற பெரிய ஆபிரிக்கக் குரங்கினத்துப் பெண்களுக்கு உடம்பில் கொழுப்பு சுமார் 23 சதவீதம் இருந்தது. பக்கத்திலேயே காட்டில் தேடித் தின்ற கூட்டத்துக்குச் சுமார் 2 சதவீதம்தான். அதே நாட்டின் மசாய் மாராவிலும் குப்பை தின்ற பபூன்களின் இரத்தத்தில் இன்சுலினும் கொலஸ்ட்ரோலும் கூடியிருந்தன. அடைத்து வளர்க்கிற ரீசஸ் குரங்குகளில் வயது போகப்போக, யாரும் மருந்து கொடுத்து உண்டாக்காமலே, நம்முடையதைப் போன்ற இரண்டாம் வகை நீரிழிவு வருகிறது.

2017இல் பாங்கொக்கில் பிடித்த ஒரு நீள்வால் குரங்கின் படம் எல்லோர் போனிலும் சுற்றியது, நினைவிருக்கும். 15 கிலோ எடை, வயிறு நிலத்தில் இழுபட்டது. உல்லாசப் பயணிகள் போட்டது போதாதென்று, கூட்டத்தில் கீழ்நிலையில் இருந்த குரங்குகளும் அதற்குக் கொண்டுவந்து கொடுத்தன. கன்னப்பைக் கதையை மேலே படித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது.

கவலையில மனுசர் கூடச் சாப்பிடுறது போலக் குரங்கும் சாப்பிடுமா?

இந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அமெரிக்காவில் அட்லாண்டாவிலுள்ள யெர்க்ஸ் ஆய்வு நிலையத்தில் ரீசஸ் பெண் குரங்குகளைக் கூட்டமாகவே வைத்து இதை ஆராய்ந்தார்கள். ஒவ்வொன்றின் மணிக்கட்டிலும் தோலுக்கடியில் ஒரு சில்லு. உணவு இயந்திரத்துக்குள் கையை விட்டால், யார் கை என்று இயந்திரத்துக்குத் தெரியும். எந்தக் குரங்கு, எந்த நேரம், எந்த உணவை, எத்தனை உருண்டை எடுத்தது என்று பதிவாகிவிடும். அதற்கு முன்னர் கூட்டத்தில் வாழ்கிற குரங்கின் சாப்பாட்டை இப்படித் தனித்தனியாக அளக்க வழியில்லாமல் இருந்தது.

கொழுப்பும் சீனியும் கூடிய உணவு தாராளமாகக் கிடைத்தபோது, எப்போதும் அடிவாங்கிப் பயந்து வாழ்கிற கீழ்நிலைப் பெண்கள் மேல்நிலைப் பெண்களைவிட அதிகம் தின்றன. மேல்நிலை பகலில் தின்றுவிட்டு நிறுத்தியது. கீழ்நிலை இரவிலும் தின்றது. சத்தான, கலோரி குறைந்த உணவு மட்டும் இருந்த ஆய்வுகளிலோ பயந்த குரங்கு மிதமிஞ்சித் தின்னவில்லை. பயம் மட்டும் இருந்தால் போதாது, பக்கத்தில் இனிப்பும் கொழுப்பும் இருக்கவேண்டும்.

மருந்து பற்றிய பாகம் இன்னும் சுவையானது. மன அழுத்தத்தின்போது மூளையில் வேலை செய்கிற ஒரு ஹோர்மோனைத் தடுக்கிற மருந்தைக் கொடுத்துப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். உணவு தாராளமாக இருந்த சூழலில், கீழ்நிலைக் குரங்குகளின் அதிகத் தீனியை அது குறைத்தது. பசிக்கு மருந்து கொடுக்காமலே தீனி குறைந்தது. யாருக்குக் கொடுக்கிறோம், அவருக்கு முன்னால் என்ன சாப்பாடு இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மருந்தின் பலன். எடை குறைக்கக் குளிசை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் "வீட்டில் என்ன சமைக்கிறீர்கள், இரவில் நித்திரை வருகிறதா?" என்று கேட்பதற்குக் காரணம் இதுதான். சிலருக்குக் கோபம் வரும்.

மருந்துச் சோதனைக்கு எலி காணாதா? ஏன் குரங்கைப் போட்டு வதைக்கினம்?

எலி இரவில் கொறிக்கிற பிராணி. குரங்கு நம்மைப்போலப் பகலில், வேளை வேளையாகச் சாப்பிடும். நிறம் பார்க்கும், சுவை தேர்ந்தெடுக்கும், கூட்டத்தில் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துத் தின்னும். இன்னொன்று, எலியால் வாந்தி எடுக்க முடியாது. ஒரு மருந்து உண்மையில் பசியைக் குறைக்கிறதா, அல்லது குமட்டலால் சாப்பாடு பிடிக்கவில்லையா என்பதைக் குரங்கில் பிரித்துப் பார்ப்பது கொஞ்சம் சுலபம்.

நியூயோர்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஃபோல்டின் பபூன்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இந்தத் துறையில் பெயர் பெற்றவை. பபூன் முதலில் ஒரு கைபிடியைத் திரும்பத் திரும்ப இழுத்து உழைத்தால்தான் சாப்பாட்டு வேளை தொடங்கும். தொடங்கியபின் இழுக்க இழுக்க உணவு உருண்டை விழும். முதற்பகுதி உணவு தேடுவதற்குச் சமம், அடுத்தது தின்பதற்கு. மருந்து எந்தப் பகுதியைத் தொடுகிறது என்று இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். வதை என்ற கேள்விக்கு என் பதில்: கூண்டு கூண்டுதான். சில ஆய்வுகள் தேவையில்லாதவை என்றும் நினைக்கிறேன். ஆனால் நாம் விழுங்குகிற பல குளிசைகள் அந்த வழியாக வந்தவை என்பதையும் மறைக்க முடியாது.

பசி குறைக்கிற குளிசை எல்லாம் ஒரே வேலைதானே செய்யும்? பேர்தானே வேற?

இல்லவே இல்லை. சாப்பிடுவது என்பது ஒரே செயல் அல்ல. தொடங்குவது, வேகம், எதைத் தேர்கிறோம், எப்போது நிறுத்துகிறோம் என்று பல துண்டுகள் சேர்ந்தது. ஒவ்வொரு மருந்தும் ஒவ்வொரு துண்டைப் பிடிக்கும்.

அம்பெடமைன் என்ற ஊக்க மருந்து சாப்பாடு தொடங்குவதையே தள்ளிப்போடும். தொடங்கிவிட்டால் வேகம் குறையாது. ஃபென்ஃப்ளூரமைன் மூளையில் செரொடோனினைக் கூட்டும். அதைக் கொடுத்தால் வழக்கமான நேரத்தில் சாப்பிட உட்காரும், ஆனால் மெதுவாகத் தின்று சீக்கிரம் நிறுத்தும். இந்த வித்தியாசத்தை முதலில் எலியில் பார்த்தார்கள், அப்புறம் பபூன்களிலும் சாப்பாட்டு வேளைகளை இப்படிப் பிரித்து அளந்தார்கள். நாள் முடிவில் தின்ற மொத்தத்தை மட்டும் நிறுத்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அம்பெடமைன் வகை பழக்கமாகி அடிமைப்படுத்தும். ஃபென்ஃப்ளூரமைன் இதய வால்வைக் கெடுக்கிறது என்று தெரிந்து 1997இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்தார்கள்.

ரிமொனபன்ட் என்று ஒன்று வந்தது. கஞ்சா மூளையில் எந்த வாசலைத் தட்டுகிறதோ அதே வாசலை அடைக்கிற மருந்து. 2006இல் ஐரோப்பாவில் அனுமதித்து, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வருகிறது என்று 2008இல் நிறுத்திவிட்டார்கள். விருப்பத்தைக் கிளப்புகிற வாசலை அடைத்தால் சாப்பாட்டு விருப்பம் மட்டும் தனியாகக் குறையாது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

இப்ப எல்லாரும் போடுற மெலிவு ஊசியும் குரங்கில பாத்ததா?

பார்த்ததுதான். குடலில் இயல்பாகச் சுரக்கிற ஜிஎல்பி-1 என்ற ஹோர்மோனைப் போல வேலை செய்கிற மருந்துகள் அவை. அந்த வகை மருந்துகள் ரீசஸ் குரங்குகளின் தீனியைக் குறைத்தன என்று மனிதரிடம் எடை குறைக்க வருவதற்கு முன்பே பதிவாகியிருந்தது. வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், மூளைக்குப் "போதும்" என்று சொல்லும். முன்னே சொன்ன கோலசிஸ்ரோகைனின் கதையின் தொடர்ச்சி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஹோர்மோனின் வேலை சீக்கிரம் முடிந்துவிடும், இது நாள்கணக்கில் நிற்கும். அந்த ஊசிகளில் ஒன்றான செமாகுளுடைட்டை எடை குறைப்புக்கு அமெரிக்கா 2021இல் அனுமதித்தது. டொக்டரின் துண்டு இல்லாமல் என்னிடம் கேட்க வேண்டாம்.

பசி கூட்டுற மருந்து குடுத்தா குரங்கு என்ன செய்யும்?

நம்மைப்போலத்தான், கூடத் தின்னும். மெலிந்த பிள்ளைகளுக்கென்று தாய்மார் வந்து கேட்கிற சைப்ரோஹெப்டடீன் உண்மையில் ஒவ்வாமைக்கான மருந்து. பசி கூடுவது அதன் பக்கவிளைவு, கூடவே நித்திரையும் வரும். கஞ்சாவின் முக்கியச் சத்து பபூன்களிலும் தீனியைக் கூட்டியது.

பலரும் எதிர்பார்க்காதது டயசிபாம். பதற்றத்துக்கும் நித்திரைக்கும் கொடுக்கிற இந்தக் குளிசை பபூன்களின் சாப்பாட்டைக் கூட்டியது. இதை நினைவில் வைத்திருங்கள், கடைசிக் கேள்வியில் தேவைப்படும்.

ஒரே மருந்து சோத்துக்கும் சொக்லேட்டுக்கும் ஒரே மாதிரி வேலை செய்யுமா?

எப்போதும் இல்லை. நல்ல உதாரணம் நால்ட்ரெக்சோன். மூளையில் இயல்பாகச் சுரக்கிற அபின் போன்ற பொருட்களின் வேலையைத் தடுக்கிற மருந்து இது. குடியை நிறுத்துகிறவர்களுக்கும் கொடுப்பார்கள். ரீசஸ் குரங்குகளுக்குக் கொடுத்தபோது மதுக் கரைசலைக் குடிப்பதும் குறைந்தது, இனிப்புக் கரைசலைக் குடிப்பதும் குறைந்தது. கலோரியே இல்லாத சக்கரின் தண்ணீரைக் கூடக் குறைவாகவே குடித்தன. பசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். வயிறு கேட்பது ஒரு பாதை, நாக்கு கேட்பது இன்னொரு பாதை.

மறுபக்கம், மருந்தே இல்லாமல் உணவை மட்டும் மாற்றினாலும் தீனி மாறும். அமெரிக்காவில் வேக் ஃபொரஸ்ட் பல்கலைக்கழகத்தார் நீள்வால் குரங்குகளில் ஒரு பகுதிக்கு மேற்கத்தைய பாணி உணவும் மற்றப் பகுதிக்கு மத்தியதரைக்கடல் பாணி உணவும் இரண்டு வருடத்துக்கு மேல் கொடுத்து, 2019இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டிலும் கொழுப்பின் பங்கு ஒரே அளவுதான், எங்கிருந்து வந்த கொழுப்பு என்பதில்தான் வேறுபாடு. இரண்டு பக்கமும் வேண்டிய அளவு தின்ன விட்டார்கள். மத்தியதரைக்கடல் உணவு தின்றவை தாமாகவே குறைந்த கலோரியோடு நிறுத்திக்கொண்டன. மேற்கத்தைய உணவு தின்றவை கூடத் தின்று கொழுத்தன.

குறைச்சுச் சாப்பிட்டா கூட நாள் வாழலாம் எண்டு குரங்கில நிரூபிச்சாச்சாமே?

இது கொஞ்சம் சிக்கலான கதை. இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. அமெரிக்காவின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் 1987இலும் விஸ்கொன்சின் பல்கலைக்கழகம் 1989இலும் தொடங்கின. இரண்டிலும் ஒரு பகுதி ரீசஸ் குரங்குகளுக்கு உணவை ஏறக்குறைய 30 சதவீதம் குறைத்தார்கள். 2009இல் விஸ்கொன்சின், "குறைத்தவை வயதுநோய்களால் சாவது குறைந்தது" என்றது. 2012இல் மற்றது, "ஆயுளில் வித்தியாசம் இல்லை" என்றது.

காரணம் தட்டில் இருந்தது. விஸ்கொன்சின் உணவில் 28.5 சதவீதம் சீனி, மற்றதில் 3.9 சதவீதம். விஸ்கொன்சினில் ஒப்பீட்டுக்கு வைத்த குரங்குகள் இஷ்டப்படி தின்றன, மற்ற இடத்தில் அவற்றுக்கும் அளந்துதான் போட்டார்கள். அதாவது ஓரிடத்தில் ஒப்பீட்டுக் குரங்கே ஏற்கனவே அடக்கமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இரண்டு குழுவும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரையில், குறைத்துத் தின்பது குரங்கின் ஆரோக்கியத்துக்கு நல்லது என்றும், எந்த வயதில் தொடங்கினார்கள், என்ன உணவு என்பதைப் பொறுத்துப் பலன் மாறுகிறது என்றும் ஒப்புக்கொண்டார்கள். "நிரூபிச்சாச்சு" என்ற சொல்லை நான் பாவிக்க மாட்டேன்.

கள்ளு முட்டியில குரங்கு வாய் வைக்குமாமே, உண்மையா?

நம் பனைகளில் நான் பார்த்ததில்லை. ஆனால் மேற்கு ஆபிரிக்காவில் கினி நாட்டின் பொசு என்ற ஊரில் சிம்பன்சிகள் செய்வது பதிவாகியிருக்கிறது. ஊரவர் ரபியாப் பனையில் கட்டிய கலத்துக்குள், மென்று கசக்கிய இலையைத் தோய்த்து எடுத்து, வாயில் பிழிந்து குடிக்கின்றன. 17 வருடத் தரவைச் சேர்த்து 2015இல் வெளியிட்டார்கள். அந்தக் கள்ளில் சராசரியாக 3.1 சதவீதம் மது. கரீபியனில் சென் கிட்ஸ் தீவில் 17ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்த பச்சைக் குரங்குகள் கடற்கரை பார்களில் உல்லாசப் பயணிகளின் கிளாசைப் பறித்துக் குடிக்கும். எல்லாமே குடிப்பதில்லை. சில விலகிப் போகும், சில கலந்த இனிப்புக்காகக் கொஞ்சம் குடிக்கும், ஒரு சிறு பகுதிதான் விழுந்து கிடக்கும். பார்த்தால் நம் ஊர்க் கணக்கேதான்.

பழக்கம் பழையது. பனாமாவில் சிலந்திக் குரங்குகள் தின்கிற, நம் அம்பரெல்லாவுக்கு உறவான ஒரு பழத்தில் 1 முதல் 2 சதவீதம் மது இருப்பதை 2022இல் காட்டினார்கள். அழுகத் தொடங்கிய பழத்தில் கலோரி அதிகம், மணம் தூரத்திலிருந்தே தெரியும். தேடிப் போனதற்கு அது போதுமான காரணம்.

வருத்தம் வந்தா குரங்கு தானாவே மருந்து தேடித் தின்னுமா?

சில தின்னும். தன்சானியாவின் மஹாலே காட்டில் 1987இல் மைக்கல் ஹஃப்மன் ஒரு சிம்பன்சிப் பெண்ணைக் கவனித்தார். சோர்ந்து கிடந்த அது, வழக்கமாகத் தொடாத கசப்புச் செடி ஒன்றின் தண்டை உரித்துச் சாற்றை உறிஞ்சியது. அடுத்த நாள் தேறியிருந்தது. அந்தப் பகுதி மக்களும் அதே செடியை வயிற்று வருத்தத்துக்குப் பாவிக்கிறார்கள். சன்சிபார் தீவில் செந்நிறக் கொலொபஸ் குரங்குகள் மாவிலையும் நாட்டு பாதாம் இலையும் தின்றுவிட்டு அடுப்புக் கரியைத் தேடித் தின்கின்றன. இலையிலுள்ள நச்சுப் பொருட்களைக் கரி உறிஞ்சிக்கொள்ளும். விஷம் குடித்தவருக்கு ஆஸ்பத்திரியில் கரி கொடுப்பதும் அதற்காகத்தான்.

களிமண் தின்கிற குரங்குகளும் உண்டு. கன்னியாப் பக்கம் குரங்கு மண்ணை நக்கினால் பைத்தியம் என்று கல்லால் எறியாதீர்கள்.

கோயிலடியில என்ர பையைப் பறிச்சு, உள்ள இருந்த குளிசை முழுக்கத் தின்னுட்டுது. இப்ப என்ன செய்ய?

பெரும்பாலும் முழுக்கத் தின்றிருக்காது. கசப்பு பட்டதும் துப்பிவிடும். அட்டையைக் கடித்துக் கடித்துப் பார்த்துவிட்டுப் போட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த டொபியை எடுத்திருக்கும். ஆபத்து இனிப்புப் பூச்சுப் பூசிய குளிசைகளிலும் பாணி மருந்துகளிலும்தான். 60 கிலோ மனிதருக்கு அளந்த ஒரு குளிசை, 4 கிலோக் குரங்குக்குப் பதினைந்து குளிசைக்குச் சமம். சீனி வருத்தக் குளிசைகளில் சில அதன் இரத்தச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.

துரத்தவேண்டாம், கையிலிருந்து பிடுங்கவேண்டாம். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்க்கடி ஊசி தேவையா என்று அவர்கள் சொல்வார்கள். சிதறிய அட்டைகளைப் பொறுக்கி எடுங்கள், இல்லாவிட்டால் மானும் வாய் வைக்கும். சுருண்டு கிடக்கிற குரங்கைக் கண்டால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். உங்கள் மருந்து போய்விட்டதென்றால் அன்றைய வேளையைத் தவறவிடாமல் வாங்கிப் போடுங்கள். "அடுத்த வேளை இரண்டாப் போடுறன்" என்று நீங்களாக முடிவு செய்யவேண்டாம்.

தோட்டத்துக்கு வந்து குரும்பட்டி எல்லாம் பிடுங்குது. வாழைப்பழத்துக்குள்ள நித்திரைக் குளிசை வைச்சா என்ன?

மாதத்துக்கு ஒருவராவது கேட்கிற கேள்வி. விற்க மாட்டேன், வேறு எங்கும் வாங்கியும் வைக்காதீர்கள். டயசிபாம் தீனியைக் கூட்டும் என்று மேலே சொன்னேன். பயத்தையும் குறைக்கும். ஆக உங்கள் தோட்டத்தில் பசி கூடிய, பயம் குறைந்த குரங்கு ஒன்று உலாவும். அளவு கூடினால் மரத்திலிருந்து விழுந்து சாகும். கன்னப்பையில் அடைத்த பழத்தை மேல்நிலைக் குரங்கு பிடுங்கித் தின்றால், யாருக்கு எவ்வளவு போனது என்று உங்களுக்கே தெரியாது. வைத்த பழத்தைப் பக்கத்து வீட்டு நாயோ பிள்ளையோ எடுக்கவும் கூடும். மிருகங்களைக் கொடுமைப்படுத்துவதற்கு எதிரான சட்டம் இந்த நாட்டில் 1907இலிருந்து இருக்கிறது.

பலன் தருவது சுவாரசியமில்லாத வேலைகள்தான். குப்பை வாளிக்கு இறுகிய மூடி, சமையலறை ஜன்னலுக்கு வலை, கூரைக்கு மேலே வந்த கொப்பை வெட்டுவது, மாங்காயைப் பழுக்கவிடாமல் முற்றியதும் பிடுங்குவது. தென்னையில் ஏறாமல் தடுக்க மரத்தைச் சுற்றி அகலமான தகரம் அடிக்கலாம். பக்கத்து மரத்திலிருந்து தாவ முடியாத தூரம் இருந்தால் மட்டும் அது உதவும். அப்புறம், அதே ஒழுங்கையில் யாராவது திண்ணையில் இருந்து பாண் போடுகிறார்களா என்று பாருங்கள். போடுகிறவரோடு ஒருமுறை கதைத்துவிட்டுத் தகரத்துக்குக் காசு செலவழியுங்கள்.